பெயர் பொறிக்காத பழைய பித்தளை லென்ஸை அடையாளம் காண்பது எப்படி?

பழம்பொருள் கடையிலோ, மூடிப்போன ஸ்டூடியோவின் பரணிலோ கனமான பித்தளை லென்ஸ் ஒன்று கைக்குக் கிடைக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பெயர் இல்லை, எண் இல்லை, ஊர் இல்லை. வாங்கியவர்கள் உடனே கேட்பது, "இதை யார் செய்தது?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். பல லென்ஸ்களுக்கு அதற்கு விடையே கிடைக்காது.

காரணம் எளிது. 1840-இல் வியன்னாவில் யோசப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வடிவமைத்த உருவப்பட லென்ஸுக்கு ஆஸ்திரியாவுக்கு வெளியே காப்புரிமை இல்லை. பாரிஸ், லண்டன், நியூயார்க் என்று எல்லா ஊரிலும் அதைப் பார்த்துச் செய்தார்கள். பாரிஸ் பட்டறைகள் வியாபாரிகளுக்காக மொத்தமாகவும் செய்து கொடுத்தன. வாங்கி விற்ற கடைக்காரர் தன் பெயரைப் பொறித்துக்கொண்டார், அல்லது அப்படியே விற்றார். வோக்ட்லாண்டர், ராஸ், டால்மேயர் போன்ற நிறுவனங்களோ பெயரையும் வரிசை எண்ணையும் அக்கறையாகப் பொறித்தன. ஆகவே பெயரில்லாத லென்ஸைக் காட்டி "இது வோக்ட்லாண்டர்தான்" என்று யாராவது விலை சொன்னால் நம்ப வேண்டாம்.

பெயர் தெரியாவிட்டாலும் மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம்: லென்ஸின் வகை, குவியத் தொலைவு, வேகம் (எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பது; எஃப் எண்ணால் குறிப்பார்கள், எண் சிறியதானால் ஒளி அதிகம்), ஏறத்தாழக் காலம், பெரும்பாலும் நாடு. கண்ணாடி வகையைச் சொல்லும். பித்தளை காலத்தையும் ஊரையும் சொல்லும். அதனால் கண்ணாடியிலிருந்து தொடங்குவோம்.

கை வைப்பதற்கு முன்

லென்ஸைத் துலக்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். பழைய பித்தளை லென்ஸ்களின் மேல் அரக்கு கலந்த பொன்னிற வார்னிஷ் பூச்சு உண்டு. அது போனால் திரும்பாது. மெலிதாகப் பொறித்த எழுத்தும் எண்ணும் தேய்ப்பில் மறைந்துவிடும். பெயரில்லாதவை என்று இன்று கருதப்படும் லென்ஸ்களில் சில, ஒரு காலத்தில் பெயர் இருந்து துலக்கித் துலக்கி அழிந்தவை. பளபளவென்று மின்னும் லென்ஸானால், விளக்கை ஒரு பக்கத்திலிருந்து மிகச் சாய்வாக அடித்து உருளையைச் சுற்றிப் பாருங்கள். தேய்ந்த எழுத்தின் பள்ளம் அப்போது நிழல் காட்டும்.

ஸ்பிரிட்டில் நனைத்த துணியும் ஆகாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அசிட்டோன், சைலீன் போன்றவை உள்ளே போனால் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் கனடா பால்சம் பிசினும் கெடும். உலர்ந்த மென்துணி, மென்மையான தூரிகை, இவை போதும்.

தேவையான பொருட்கள்: வெர்னியர் காலிப்பர் (தாடையில் காகிதம் ஒட்டி), ஒற்றை எல்.இ.டி. உள்ள சிறு டார்ச், கறுப்புத் துணி, பட்டர் பேப்பர் ஒட்டிய அட்டைச் சட்டம், ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பலகை, மெல்லிய ஒளி ஊடுருவும் அளவுகோல், மென் பென்சில், பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை, தடித்த துண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொண்டே போங்கள். கழற்றிய வரிசை நினைவில் நிற்கும் என்று நம்பி இறங்கினால், பின்பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

கழற்றுதல்

பெரும்பாலான லென்ஸ்களில் முன் பக்கம் ஒரு கண்ணாடித் தொகுதியும் பின் பக்கம் ஒன்றும் மரையில் திருகப்பட்டிருக்கும். இறுகிப்போன மரையைக் கழற்ற இடுக்கி பயன்படுத்தாதீர்கள். பித்தளைக் குழல் மெல்லியது. அழுத்தினால் வட்டம் நசுங்கி நீள்வட்டமாகும், மரை இன்னும் இறுகும். கையால் பலமாகப் பிடித்தாலும் இதே கதைதான். ரப்பர் பட்டையை வளையத்தைச் சுற்றி வைத்து, உள்ளங்கையைச் சமமாகப் பதித்து, மெதுவாகத் திருப்புங்கள். அசையவில்லையென்றால் ஹேர் டிரையரின் இளஞ்சூட்டை வெளி வளையத்தில் மட்டும் காட்டுங்கள். கைக்குப் பொறுக்கும் சூட்டுக்கு மேல் போக வேண்டாம், பால்சம் இளகும். மரை கழற்றும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவதும் தவறு. அது மரை வழியே ஊர்ந்து கண்ணாடிவரை போய்ச் சேரும்.

கண்ணாடியின் விளிம்பில் பித்தளை மடித்து அழுத்தப்பட்டிருந்தால், அது நிரந்தரமாகப் பொருத்தியது. அதைத் திறக்க முயல வேண்டாம். மரை வளையம் போட்டுப் பிடித்திருந்தால் மட்டுமே திறக்கலாம்.

பிரதிபலிப்பு எண்ணுதல்: முக்கியமான சோதனை

இருட்டு அறையில் கறுப்புத் துணிமேல் ஒரு கண்ணாடித் தொகுதியை வைத்து, மேலிருந்து டார்ச்சைச் சற்றே சாய்வாகக் காட்டி, கண்ணாடிக்குள் தெரியும் ஒளிப்புள்ளிகளை எண்ணுங்கள். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் ஒரு பிரகாசமான புள்ளியைத் தரும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பரப்பு மங்கலான ஒரு புள்ளியை மட்டும் தரும். தொகுதியை மெல்ல ஆட்டினால் புள்ளிகள் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு திசையில் நகரும். ஒன்றன்மேல் ஒன்று மறைந்தவையும் அப்போது பிரிந்து தெரியும். மங்கல் புள்ளி தெரியவில்லையென்றால் அறை இன்னும் இருட்டாக வேண்டும் என்று பொருள். இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

முன் தொகுதியில் 2 பிரகாசம், 1 மங்கல். பின் தொகுதியில் 4 பிரகாசம், மங்கல் இல்லை. இது பெட்ஸ்வால் வகை. முன்னால் ஒட்டிய இரட்டை, பின்னால் காற்று இடைவெளி விட்ட இரட்டை என்ற அமைப்பு. வேகம் பெரும்பாலும் எஃப் 3.5-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும்.

முன்னும் பின்னும் தலா 2 பிரகாசம், 1 மங்கல், இரண்டு தொகுதிகளும் ஒன்றுபோல் இருக்கின்றன என்றால், அது ரேபிட் ரெக்டிலீனியர் அல்லது அப்லனாட். லண்டனில் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் 1866-இல் தனித்தனியே கொண்டுவந்த சமச்சீர் அமைப்பு. வழக்கமாக எஃப் 8. இதே எண்ணிக்கையோடு கண்ணாடி மிகச் சிறியதாகவும் வளைவு மிக அதிகமாகவும் இருந்தால் அகன்ற கோண லென்ஸ். இரண்டு வெளிப்பரப்புகளும் சேர்ந்து ஒரே பந்தின் மேற்பரப்பு போலத் தோன்றினால், 1860-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஹாரிசனும் ஷ்னிட்சரும் செய்த குளோப் லென்ஸின் குடும்பம்.

மொத்தமே ஒரு தொகுதி, 2 பிரகாசம், 1 மங்கல் என்றால் நிலக்காட்சி லென்ஸ். 1839-இல் டகேரின் தொடக்ககாலப் புகைப்பட முறையோடு சேர்ந்து பாரிஸின் ஷார்ல் ஷெவாலியே செய்த லென்ஸ் இந்தக் குடும்பத்தின் மூத்தது. துளைத்தகடு, அதாவது உள்ளே வரும் ஒளியைக் கட்டுப்படுத்தும் துளையிட்ட தகடு, கண்ணாடிக்கு முன்னால் தள்ளி நிற்கும். கண்ணாடியின் குழிந்த பக்கம் காட்சியை நோக்கியிருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: தொலைநோக்கியின் முன் கண்ணாடியும் இதே எண்ணிக்கையைத் தரும். ஓர் அட்டையின் நேர் விளிம்பைக் கண்ணாடி மேல் குறுக்கே வைத்துப் பாருங்கள். நடுவில் நல்ல வெளிச்ச இடைவெளி தெரிந்தால் அந்தப் பக்கம் குழிவு, லென்ஸ் பிறை வடிவம், நிலக்காட்சி வகை. ஒரு பக்கம் நன்றாகக் குவிந்து மறுபக்கம் ஏறத்தாழத் தட்டையாக இருந்து, துளைத்தகட்டுக்கும் இடமில்லை என்றால் தொலைநோக்கியிலிருந்து வந்தது.

முன்னும் பின்னும் தலா 2 பிரகாசம் மட்டும், ஒட்டு எதுவும் இல்லை என்றால் பெரிஸ்கோப். ஸ்டைன்ஹைல் 1865-இல் கொண்டுவந்த இரட்டைப் பிறை அமைப்பு. தலா 2 பிரகாசமும் 2 மங்கலும் என்றால் மூன்று கண்ணாடிகள் ஒட்டிய தொகுதிகள், அதாவது 1892-இன் கெர்ட்ஸ் டாகோர் குடும்பம். மொத்தம் 6 பிரகாசம், ஒட்டே இல்லை, மூன்று ஒற்றைக் கண்ணாடிகள் என்றால் 1893-இல் டென்னிஸ் டெய்லர் வடிவமைத்த குக் ட்ரிப்லெட் வகை. முன்னால் 4 பிரகாசம், பின்னால் 2 பிரகாசமும் 1 மங்கலும் என்றால் 1902-இன் டெஸ்ஸார் அமைப்பு. இந்த ஆண்டுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ஸார் அமைப்புள்ள லென்ஸை "1870-ஆம் ஆண்டு லென்ஸ்" என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அது முடியாத காரியம்.

பிரதிபலிப்பு முழுக்கச் சீராக ஊதா அல்லது நீலமாக இருந்தால், அது ஒளிபிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் இது பரவலானது. லென்ஸ் பிற்காலத்தது, அல்லது கண்ணாடி மாற்றப்பட்டது. திட்டுத் திட்டாகத் தெரியும் நீலச் சாயல் வேறு. அது பழைய ஃபிளின்ட் (ஈயம் கலந்த) கண்ணாடி காலப்போக்கில் காற்றோடு வினைபுரிந்து ஏற்பட்ட மெல்லிய படலம். அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். அந்தப் படலம் வழியே ஒளி கூடுதலாகவே கடக்கிறது என்று மேலே சொன்ன டெய்லரே கவனித்திருக்கிறார்.

பெட்ஸ்வாலின் பின்பக்கம்

பெயரில்லாத லென்ஸ்களில் அதிகம் தேடப்படுவது பெட்ஸ்வால் வகை. அதிகம் கெட்டுக் கிடப்பதும் அதுவே. பின் தொகுதியில் இரண்டு கண்ணாடிகளும் தளர்வாக, நடுவே ஒரு பித்தளை வளையத்தோடு உட்கார்ந்திருக்கும். யாரோ எப்போதோ துடைப்பதற்காகக் கழற்றி, தலைகீழாகச் சேர்த்திருப்பார்கள்.

சரியான வரிசை இது. துளைத்தகட்டின் பக்கம், அதாவது முன்னால், விளிம்பு தடித்து நடு மெலிந்த ஃபிளின்ட் பிறை. அதன் மெல்லிய குவிவு முன்னோக்கியும் ஆழமான குழிவு பின்னோக்கியும் இருக்க வேண்டும். அடுத்து இடைவளையம். அதற்குப் பின்னால் இருபுறமும் குவிந்த கிரவுன் (ஈயம் கலக்காத) கண்ணாடி. அதன் அதிக வளைவுள்ள பக்கம் ஃபிளின்ட்டின் குழிவுக்குள் பார்க்க வேண்டும், குறைந்த வளைவுள்ள பக்கம் பின்னால், படம் விழும் இடத்தை நோக்க வேண்டும். கிரவுனின் இரு பக்கங்களும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். அட்டை விளிம்பை வைத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். இதைத் திருப்பிப் போட்டால் படத்தின் நடுப்பகுதிகூடக் கூர்மையாகாது, எல்லாவற்றின் மேலும் பனி போல ஒரு மங்கல் படரும். "இது மென்மையான கலைப் படம் தரும் அரிய லென்ஸ்" என்று சொல்லி விற்கப்படும் சில பெட்ஸ்வால்கள் வெறுமனே கண்ணாடி மாறிச் சேர்ந்தவை.

கழற்றும்போது பின் தொகுதியைத் துண்டின் மேல் கவிழ்த்து, வளையத்தைத் திருகி எடுத்து, கண்ணாடிகளைத் தானாக இறங்க விடுங்கள். ஒவ்வொன்றின் விளிம்பையும் சாய்வெளிச்சத்தில் படியுங்கள். அங்கே பென்சிலிலோ மையிலோ எழுத்து இருக்கலாம். கண்ணாடி விளிம்பில் பெயரோ எண்ணோ, முன்பக்கம் எது என்று காட்டும் அம்போ எழுதும் பழக்கம் பாரிஸ் பட்டறைகளில் இருந்தது. ழாமென், அவரது பட்டறையைத் தொடர்ந்து நடத்திய தார்லோ ஆகியோரின் லென்ஸ்கள் சில இப்படித்தான் இனம் தெரிந்தன. எனவே விளிம்பைத் துடைக்கும் முன் படம் எடுங்கள். பெயர் தெரிய வாய்ப்புள்ள கடைசி இடம் அதுதான். எழுத்து இல்லையென்றால் நீங்களே மென் பென்சிலால் முன்னோக்கிய அம்பு ஒன்றைப் போட்டு வையுங்கள். அடுத்து கழற்றுபவருக்கு உதவும்.

பின் தொகுதியில் வரிசையே மாறி, குவிந்த கண்ணாடி முன்னாலும் ஃபிளின்ட் பின்னாலும் இருந்து, பின் வளையத்தைத் திருகி இடைவெளியைக் கூட்டவும் முடிகிறது என்றால் அதைத் "திருத்த" வேண்டாம். அது டால்மேயர் 1866-இல் காப்புரிமை பெற்ற உருவப்பட அமைப்பு. இடைவெளியைக் கூட்டிப் படத்தை மென்மையாக்கும் வசதி அதில் உண்டு.

முன் தொகுதி மட்டும் இருந்து பின்பக்கம் காலியாக இருப்பதும் சகஜம். முன் தொகுதியைத் திருப்பி மாட்டி நிலக்காட்சி லென்ஸாகப் பயன்படுத்தும் வசதியோடு சில பிரெஞ்சு லென்ஸ்கள் வந்தன. அப்படிப் பயன்படுத்தியவர்கள் பின்பகுதியை எடுத்து வைத்த இடத்தில் தொலைத்திருப்பார்கள்.

குவியத் தொலைவு

வெயிலில் பிடித்து, ஒளிப்புள்ளிக்கும் லென்ஸின் நடுவுக்கும் இடையில் அளக்கும் முறை சமச்சீர் லென்ஸுக்கு ஓரளவு பொருந்தும். பெட்ஸ்வாலுக்குப் பொருந்தாது. எந்த இடத்திலிருந்து அளப்பது என்பதே அதில் சிக்கல். எல்லா லென்ஸுக்கும் பொருந்தும் முறை இது:

1. லென்ஸைப் பலகையில் அசையாமல் நிறுத்துங்கள். பற்சட்டக் குமிழ் (திருப்பினால் பற்கள் வழியே லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துவது) இருந்தால் ஒரு நிலையில் விட்டு, பிறகு தொடாதீர்கள்.

2. குறைந்தது 100 மீட்டர் தள்ளியுள்ள ஒரு கட்டடத்தையோ கோபுரத்தையோ நோக்கி வைத்து, பட்டர் பேப்பர் திரையில் நடுப்பகுதி கூர்மையாக விழும்வரை திரையை நகர்த்துங்கள். லென்ஸின் மாட்டு வளையத்திலிருந்து திரைவரை தூரத்தைக் குறியுங்கள்.

3. இப்போது லென்ஸின் முன்னால் டார்ச் ஒளியூட்டிய அளவுகோலை வைத்து, அதன் 50 மி.மீ. திரையிலும் சரியாக 50 மி.மீ. ஆக விழும்வரை அளவுகோலையும் திரையையும் மாற்றி மாற்றி நகர்த்துங்கள். அதே வளையத்திலிருந்து திரைவரை மறுபடி அளக்கவும்.

4. இரண்டாம் அளவிலிருந்து முதல் அளவைக் கழியுங்கள். அதுவே குவியத் தொலைவு.

முதல் அளவு 148 மி.மீ., இரண்டாவது 353 மி.மீ. என்றால் குவியத் தொலைவு 205 மி.மீ. எந்த இடத்திலிருந்து அளந்தாலும் கழிக்கும்போது அது விழுந்துவிடுகிறது. அதனால்தான் இந்த முறை எந்த அமைப்புக்கும் ஒத்துவருகிறது. படத்தின் நடுவை மட்டும் பாருங்கள். பெட்ஸ்வாலின் படப்பரப்பு வளைந்தது. ஓரத்தைக் கூர்மையாக்கப் போனால் அளவு பிசகும்.

வேகத்துக்கு, லென்ஸைக் கை நீட்டிப் பிடித்து முன்பக்கமாகப் பார்க்கும்போது தெரியும் துளையின் விட்டத்தை அளந்து, குவியத் தொலைவை அதால் வகுக்கவும். துளைத்தகட்டை வெளியே எடுத்து அளக்கக் கூடாது. முன் கண்ணாடி அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அந்தப் பெரிதான அளவுதான் கணக்கு. முழுத் திறப்பில் உள்ள பெட்ஸ்வாலில் முன் கண்ணாடியின் திறந்த விட்டமே போதும்.

அப்படியே ஒரு படச் சோதனையும் செய்துவிடுங்கள். பகலில் அறையை இருட்டாக்கி, ஜன்னல் கம்பிகளின் பிம்பத்தைத் திரையில் விழச் செய்யுங்கள். ஓரக் கம்பிகள் வெளிப்பக்கம் பீப்பாய் போலப் புடைத்தால், துளைத்தகடு முன்னால் உள்ள நிலக்காட்சி லென்ஸ். கம்பிகள் ஓரம்வரை நேராக நின்றால் ரெக்டிலீனியர் வகை. நடுவில் ஊசிமுனைக் கூர்மையும் ஓரத்துக்குப் போகப் போகச் சுழலும் கலங்கலும் தெரிந்தால் பெட்ஸ்வால். மேலும், ரெக்டிலீனியரின் முன் தொகுதியைக் கழற்றிவிட்டால் பின் பாதி மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு குவியத் தொலைவோடு படம் தரும்.

பித்தளை சொல்லும் காலம்

முதலில் துளைத்தகட்டின் ஏற்பாட்டைப் பாருங்கள். உருளையின் மேல் நீளவாக்கில்லாமல் குறுக்காக ஒரு வெட்டு இருந்து, அதில் துளையிட்ட தகடுகளைச் செருகும் முறை இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த ஜான் வாட்டர்ஹவுஸ் 1858-இல் வெளியிட்டது. ஆகவே வெட்டு இருந்தால் 1858-க்குப் பின். ஆனால் பழைய லென்ஸ்களிலும் பின்னாளில் வெட்டுப் போட்டார்கள். தொழிற்கூடத்திலேயே போட்ட வெட்டில் ஓரம் சுத்தமாக இருக்கும், உள்ளே கறுப்புப் பூச்சு தொடரும், பல சமயம் மேலே ஒரு பாதுகாப்பு வளையம் இருக்கும். பின்னால் போட்டதில் அரத்தின் தடமும் பூச்சில்லாத பித்தளை விளிம்பும் தெரியும்.

வெட்டே இல்லாவிட்டால் முன்பக்கக் குடையை, அதாவது கண்ணாடிக்கு முன்னால் நீண்டிருக்கும் ஒளிமறைப்பு வளையத்தை, கழற்றிப் பாருங்கள். வட்டத் தகடு ஒன்றை வைத்துப் பிடிக்கும் படி உள்ளே இருந்தால், வாட்டர்ஹவுஸுக்கு முந்தைய வளையத் தகட்டு முறை. அப்படிப்பட்ட பெட்ஸ்வால் 1840-களையோ 50-களையோ சேர்ந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஐரிஸ், அதாவது வளையத்தைத் திருப்பினால் துளையைச் சிறிதும் பெரிதுமாக்கும் இதழ் அமைப்பு, இருந்தால் பொதுவாக 1880-களுக்குப் பின். பெயர் இல்லாத லென்ஸிலும் ஐரிஸ் வளையத்தில் எண்கள் இருக்கும். அவை பெரிய துப்பு. 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துப் போனால் பிரிட்டிஷ் புகைப்படச் சங்கத்தின் பழைய சீர்முறை. அதில் 1 என்பது எஃப் 4, 4 என்பது எஃப் 8, 16 மட்டும் எஃப் 16-ஆகவே இருக்கும். 4.5, 6.3, 9, 12.5, 18, 25, 36 என்று போனால் ஐரோப்பிய வரிசை, பெரும்பாலும் ஜெர்மானியப் பக்கம். துளை பெரிதாகப் பெரிதாக எண்ணும் பெரிதானால் ஜெர்மானிய நிறுவனமான ட்சைஸின் 1890-களின் முறை. அதில் 1 என்பது எஃப் 50. அளந்த வேகத்தோடு எண்ணை ஒப்பிட்டால் எந்த முறை என்று உடனே தெரியும்.

அடுத்து அளவுகள். பட்டறைக்காரர் தன் ஊர் அளவில் வேலை செய்தார். பாரிஸ் அங்குலம் 27.07 மி.மீ., அதில் பன்னிரண்டில் ஒரு பங்கான லீன் 2.256 மி.மீ. வியன்னா அங்குலம் 26.34 மி.மீ. ஆங்கில அங்குலம் 25.4 மி.மீ. முன் கண்ணாடியின் முழு விட்டத்தை அளந்து மூன்றாலும் வகுத்துப் பாருங்கள். எதில் முழு எண் அல்லது அரை வருகிறதோ அது ஒரு குறிப்பு. குறிப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. வேறு இரண்டு மூன்று அளவுகளும் அதையே சொல்ல வேண்டும். மரையும் உதவும். ஓர் அங்குலத்துக்கு 24 மரை என்பது ஆங்கில லென்ஸ் வளையங்களில் வழக்கமான ஒன்று.

உருளையின் உட்புறத்தைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த மூட்டுக் கோடு நீளவாக்கில் தெரிந்தால் பழைய வேலைக்கு அடையாளம். பற்சட்டத்தைச் சுழற்றும் குமிழ் உருளைக்கு நேர் செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஆரம்பகாலப் பிரெஞ்சு, அமெரிக்க லென்ஸ்களில் அதிகம் காண்பது. குமிழின் அச்சு உருளையின் பக்கவாட்டில் ஓடுவது பிற்காலத்தில் எங்கும் பரவியது.

மரைகளுக்குள் கீறிய கோடு, புள்ளி, ரோமன் எண் போன்ற சிறு அடையாளங்களையும் தேடுங்கள். ஒரே லென்ஸின் பாகங்கள் கலந்துவிடாமலிருக்கப் பட்டறையில் போட்டவை அவை. முன் தொகுதியில் மூன்று கோடும் உருளையில் ஐந்து கோடும் இருந்தால், இரண்டு லென்ஸ்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

மாயவிளக்கு லென்ஸா, கேமரா லென்ஸா?

சந்தையில் வரும் பெயரில்லாத பெட்ஸ்வால் வகைகளில் பல, படம் வீழ்த்தும் மாயவிளக்குகளிலிருந்து கழற்றியவை. கண்ணாடி எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே, அதனால் பித்தளையைத்தான் பார்க்க வேண்டும். மாயவிளக்கு லென்ஸில் துளைத்தகட்டுக்கு வெட்டும் இருக்காது, முன்னால் தகடு வைக்கும் படியும் இருக்காது. மரை வளையத்துக்குப் பதிலாக, உருளை இன்னொரு குழலுக்குள் வழுக்கிச் செல்லும் அமைப்பு அதிகம். பித்தளை மெல்லியது, பற்சட்டம் குழலின் பெரும்பகுதி நீளத்துக்கு ஓடும். கேமரா லென்ஸில் நல்ல நீளமான முன்குடையும், மரப்பலகையில் திருகுவதற்கான கனத்த வளையமும் இருக்கும்.

மாயவிளக்கு லென்ஸாலும் அழகான படம் எடுக்கலாம். அதற்குரிய விலையைக் கொடுத்தால் போதும் என்பதுதான் விஷயம். அதில் புதிதாக வெட்டுப் போட்டு உருவப்பட லென்ஸ் என்று விற்பதும் நடக்கிறது. வெட்டின் விளிம்பை மறுபடி பாருங்கள்.

முழுப் புதுப் போலிகளைக் கண்டுபிடிப்பது எளிது. அலங்காரத்துக்காகச் செய்யப்படும் பித்தளைக் கேமராக்களில் ஒற்றைக் கண்ணாடிதான் இருக்கும், பிரதிபலிப்பு இரண்டே. நட்சத்திரத் தலைத் திருகு, இரண்டு திருப்பில் நின்றுவிடும் கரடுமுரடான மரை, கறுப்பாக்காத உட்புறம் ஆகியவை மற்ற அடையாளங்கள். பெரிய எழுத்தில் "லண்டன்" என்று ஆண்டோடு பொறித்திருப்பதும் இவற்றில்தான் அதிகம்.

குறைகளில் எது பொருட்டு, எது இல்லை

கண்ணாடிக்குள் இருக்கும் சிறு காற்றுக் குமிழ்கள் குறையல்ல, அந்தக் காலத்துக் கண்ணாடியின் இயல்பு. விளிம்பில் தொடங்கும் வானவில் வளையமோ, மரக்கிளை போன்ற வெள்ளைப் படர்தலோ பால்சம் பிரிந்ததைக் காட்டும். ஓரத்தில் மட்டும் இருந்தால் படத்தை அவ்வளவாகப் பாதிக்காது, நடுவரை போயிருந்தால் படத்தின் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள மாறுபாடு குறையும். பிரித்து மறுபடி ஒட்டுவது கைதேர்ந்தவர் வேலை. முதல் லென்ஸில் முயல வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் வையுங்கள். தோல் உறையில் பூட்டி வைத்தால் வளர்ச்சிக்கு வசதி செய்து கொடுத்ததாகும்.

குறிப்பை எழுதுதல்

எல்லாம் முடிந்தபின் ஒரு சீட்டில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, முன்னால் 2 பிரகாசம் 1 மங்கல், பின்னால் 4. குவியத் தொலைவு 205 மி.மீ.; முன் கண்ணாடியின் திறந்த விட்டம் 52 மி.மீ., முழு விட்டம் 54 மி.மீ.; சுத்தமான ஓரத்தோடு வெட்டு; பாகங்களில் ஒரே அடையாளம்; விளிம்பில் படிக்க முடியாத பென்சில் எழுத்து. 205-ஐ 52 ஆல் வகுத்தால் எஃப் 3.9. 54 மி.மீ. என்பது இரண்டு பாரிஸ் அங்குலம். வியன்னா அளவிலும் ஆங்கில அளவிலும் முழு எண் வரவில்லை. அப்படியானால் சீட்டில் எழுத வேண்டியது: "பெட்ஸ்வால் வகை உருவப்பட லென்ஸ், 205 மி.மீ., எஃப் 3.9, 1858-க்குப் பின், அநேகமாகப் பிரெஞ்சு, செய்தவர் தெரியவில்லை."

அளந்தது எது, ஊகித்தது எது என்று பிரித்து எழுதுங்கள். விளிம்பு எழுத்தின் படத்தையும் சீட்டோடு சேர்த்து வையுங்கள். அதே கையெழுத்து, பெயர் பொறித்த இன்னொரு லென்ஸின் விளிம்பில் என்றாவது தென்பட்டால், செய்தவரின் பெயரை அப்போது நிரப்பிக்கொள்ளலாம்.